இரத்தினக் கம்பளமும் வக்ஃபு அமானிதமும்

 

 பொருளீட்டும் பொருட்டு வளைகுடா நாடுகளுக்குச் சென்ற நம் சகோதரர்களில் பலர் மஸ்கத் நகரில் 2001 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசலில் தொழுதிருப்பர். அதன் தொழுகைக் கூடம் முழுவதும் விரிந்து கிடப்பது ஒரே கம்பளம். பரப்பு 4,343 சதுர மீட்டர். எடை 21 டன். முடிச்சுகள் 170 கோடி. அறுநூறு பெண்கள் நான்காண்டுக் காலம் உழைத்து அதனை முடித்தனர். பின்னர் 2007 இல் அபூதபி ஷைகு ஸாயிது பள்ளிவாசலுக்கென அதனினும் பெரிய கம்பளம் ஒன்று, 5,627 சதுர மீட்டர் அளவில், ஏறத்தாழ 1,200 பெண்களின் கைகளால் நெய்யப்பட்டது. இவ்விரண்டும் நெய்யப்பட்டது அரபு மண்ணில் அன்று. ஈரான் நாட்டின் குராஸான் பகுதியில். இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் பிறந்த நைஸாபூர் நகரமும் அந்தக் குராஸானிலேயே இருக்கின்றது என்பதை நம் மதரஸா மாணவர்கள் அறிவர்.

நெற்றி படும் இடத்தை நாம் உற்று நோக்குவதில்லை. ஸஜ்தாவில் நம் முகத்துக்கு ஒரு சாண் தொலைவில் கூட இல்லாத அந்த முடிச்சுகளுக்குப் பின்னே இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுக் கால வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாற்றில் பள்ளிவாசல்களின் முத்தவல்லிகளும் நிர்வாகிகளும் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய ஒரு நிகழ்ச்சியும் உண்டு. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈரானின் தலைநகராகிய தெஹ்ரானில் லாலே பூங்காவின் வடமேற்கு மூலையில் கம்பளங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் நிற்கின்றது. 1978 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அரசி ஃபரஹ் பஹ்லவியின் முயற்சியால் அது திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதே பிப்ரவரியில் புரட்சி வெற்றி பெற்று மன்னராட்சியே மறைந்துவிட்டது. அரசியின் பெயரால் வழங்கிய பூங்காவின் பெயரும் மாறியது. ஆயினும் கம்பள இல்லம் தன் இடத்திலேயே நிலைத்தது. அதனை வடிவமைத்தவர் அப்துல் அஸீஸ் ஃபர்மான்ஃபர்மாயான் எனும் பொறியியல் கலைஞர். தெஹ்ரான் பல்கலைக்கழக வளாகத்துப் பள்ளிவாசலும் இவர் கைவண்ணமே. அருங்காட்சியகத்தின் வெளிச்சுவரைச் சுற்றி, தறியில் பாவு நூல்கள் இழுத்துக் கட்டப்பட்டிருப்பதைப் போன்ற வரிசையான தூண்களை அவர் எழுப்பினார். தொலைவிலிருந்து காண்போருக்குக் கட்டடமே ஒரு தறியாகத் தோன்றும். அழகுக்காக மட்டும் அதனைச் செய்யவில்லை. அத்தூண்கள் வெயிலைத் தடுத்து உள்ளே வெப்பம் ஏறாமல் காக்கின்றன. கம்பளத்துக்கு முதற்பகை வெயில். அடுத்த பகை பூச்சி.

உள்ளே 3,400 சதுர மீட்டர் பரப்பில் இரண்டு தளங்கள். கீழ்த்தளத்தில் நிலையான காட்சி; மேல்தளத்தில் அவ்வப்போது மாறும் காட்சிகள். கி.பி. 16 ஆம் நூற்றாண்டின் ஸஃபவீ காலம் தொட்டு நம் காலம் வரையிலான கம்பளங்கள் காஷான், கிர்மான், இஸ்ஃபஹான், தப்ரேஸ், குராஸான், குர்திஸ்தான் என ஊர் வாரியாகப் பிரிந்து தொங்குகின்றன. நாடோடிக் குலத்தார் ஆட்டு மந்தையின் பின்னே செல்லும்போதே நெய்த முரட்டுக் கம்பளங்களும் உண்டு. அரண்மனைக்கென நெய்த பட்டுக் கம்பளங்களும் உண்டு. நடுவில் மிஹ்ராப் வளைவும், அதில் தொங்கும் விளக்கும் நெய்யப்பட்ட தொழுகை விரிப்புகளும் காணக் கிடைக்கின்றன. நம் இல்லங்களில் இன்று இயந்திரத்தால் நெய்த முஸல்லாக்களில் காணும் வளைவு அவற்றின் பேரப்பிள்ளையே.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் செல்ல இயலாது. அபூ ஜஹ்ம் (ரலி) அவர்கள் அன்பளித்த, வேலைப்பாடு மிக்க ஆடையொன்றை அணிந்து பெருமானார் (ஸல்) அவர்கள் தொழுதார்கள். அதன் கோலங்கள் தொழுகையில் தம் கவனத்தை ஈர்த்தமையால் அதனைத் திருப்பி அனுப்பிவிட்டு, அவரிடமிருந்து கோலமற்ற முரட்டு ஆடையைக் கேட்டுப் பெற்றார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அழகிய கம்பளங்களைப் புகழ்ந்து எழுதும் நாம் இந்த ஹதீஸை மறந்துவிட்டு எழுதவில்லை. அதே வேளை, அழகிய விரிப்புகள் விலக்கப்பட்டவை அல்ல என்பதற்கும் சான்று உண்டு. சுவனத்தின் இன்பங்களைக் கூறும் ‘அல்-காஷியா’ அத்தியாயம், விரிக்கப்பட்ட உயர்ந்த கம்பளங்களையும் அவற்றுள் ஒன்றாகச் சொல்கின்றது.

இனி, கம்பளம் உருவாகும் விதத்தைச் சிறிது காண்போம். தறியில் பாவு நூல் நெடுக்காகக் கட்டப்படுகின்றது. நெசவாளி ஒவ்வோர் இணைப் பாவு நூலிலும் சிறு கம்பளி இழையைச் சுற்றி முடிச்சிட்டு, முனையைக் கத்தியால் அறுக்கின்றார். ஒரு வரிசை முடிந்ததும் ஊடை நூலைச் செலுத்தி, இரும்புச் சீப்பால் அடித்து இறுக்குகின்றார். மீண்டும் அடுத்த வரிசை. முடிச்சில் இரு வகை உண்டு. இழை இரண்டு பாவு நூல்களையும் முழுமையாகச் சுற்றினால் அது துருக்கி முடிச்சு. ஒன்றைச் சுற்றி மற்றொன்றின் பின்னே நழுவினால் பாரசீக முடிச்சு. பிந்தையதில் வளைந்த கொடிகளையும் மலரிதழ்களையும் நுண்மையாகக் காட்ட முடியும். இதில் வியப்பு என்னவெனில், பாரசீகத்துத் தப்ரேஸ் நகரத்தார் இன்றும் துருக்கி முடிச்சையே இடுகின்றனர்!

பெரிய கம்பளத்தில் பலர் வரிசையாக அமர்ந்து நெய்யும்போது, ‘நக்ஷா கான்’ எனப்படுபவர் கோலத்தைப் பார்த்து, எத்தனை முடிச்சு, என்ன நிறம் என்பதை இராகத்தோடு உரக்க ஓதுவார். நெசவாளர்கள் கேட்டு, ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாகக் குரல் கொடுத்து முடிச்சிடுவர். உஸ்தாது ஓதிக் கொடுக்கப் பிள்ளைகள் ஒருமித்து ஓதும் மக்தபுக் காட்சி நம் நினைவுக்கு வருகின்றது.

நிறங்களும் மண்ணிலிருந்தே பிறந்தன. சிவப்புக்கு நம் நாட்டு மஞ்சிட்டியின் இனத்தைச் சேர்ந்த ரூனாஸ் செடியின் வேர். பழுப்புக்கு அக்ரோட் காயின் மேல்தோல். மஞ்சளுக்கு மாதுளை ஓடும் காட்டுப் பூண்டுகளும். நீலத்துக்கு அவுரி. அந்த அவுரி நீலம் இந்தியாவிலிருந்தும் கப்பலேறிப் பாரசீகம் சென்றது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலிருந்து மலிவான செயற்கைச் சாயங்கள் வந்து இறங்கின. அவை வெயிலில் வெளுத்தன, நீரில் கசிந்தன. பாரசீகக் கம்பளத்தின் நற்பெயர் கெடுவதைக் கண்ட அந்நாட்டு அரசு அவற்றுக்குத் தடை விதித்தது. தடை எந்த அளவுக்குக் கைக்கொள்ளப்பட்டது என்பது வேறு கதை.

அந்நாளில் நம் சென்னை மாகாணத்திலும் ஏலூரு, மசூலிப்பட்டினம், வாலாஜாபேட்டை, தஞ்சை மாவட்டத்து அய்யம்பேட்டை ஆகிய ஊர்களில் கம்பளத் தறிகள் இயங்கின. ஏலூருவின் நெசவாளர்கள் தம் முன்னோர் பாரசீகத்திலிருந்து வந்தவர் என்று சொல்லிக்கொள்கின்றனர்.

அருங்காட்சியகத்தில் தொங்கும் கம்பளங்களில் ஊரின் பெயர் உண்டு, காலம் உண்டு, சிலவற்றில் பட்டறை உரிமையாளரின் பெயரும் உண்டு. முடிச்சிட்டவரின் பெயர் அநேகமாக எதிலும் இல்லை. அவர்கள் பெரும்பாலும் பெண்கள். சிறுவர், சிறுமியரும் ஏராளம். காற்றும் வெளிச்சமும் குன்றிய அறைகளில், அசையாமல் பலகையில் அமர்ந்து நெய்ததால் எலும்பு வளைந்து ஊனமுற்ற சிறுமியரைப் பற்றி 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிர்மானிலிருந்து அறிக்கைகள் வெளிவந்தன. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தலையிட்டது. அதன் பின்னர் 1920 களில் அப்பகுதியின் ஆளுநர், எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது, எட்டு வயதுக்குக் குறைந்த ஆண் பிள்ளைகளையும் பத்து வயதுக்குக் குறைந்த பெண் பிள்ளைகளையும் தறியில் அமர்த்தலாகாது என்று ஆணையிட்டார். எட்டு வயது! அதுவே அன்று சீர்திருத்தமாக இருந்தது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தைப் பின்பற்றுவோர் வாழும் நாட்டில் இது நடந்தது என்பதை வெட்கத்தோடுதான் எழுதுகின்றோம். 2010 இல் காஷான், ஃபார்ஸ் பகுதிகளின் கம்பள நெசவுத் திறனை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது. அந்தப் பெருமையில் அப்பெயரற்ற பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு.

மேற்கொண்டு வாணிபத்துக்கு நேர்ந்த இடரையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். அமெரிக்கா 1987 இல் ஈரானியக் கம்பளங்களுக்குத் தடை விதித்து, 2000 இல் நீக்கி, 2010 இல் மீண்டும் விதித்து, 2016 இல் நீக்கி, 2018 இல் மறுபடியும் விதித்தது. அரசுகளின் பூசலில் அடி விழுந்தது தறிக்காரர்களின் அடுப்பில்.

இப்போது நாம் சொல்ல வந்த செய்திக்கு வருவோம். தெஹ்ரான் அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்ப்பவர் ஒருவர், பாரசீகக் கம்பளங்களிலேயே தலைசிறந்தது எது, அதனைக் காட்டுங்கள் என்று கேட்டால், அதனை அங்கே காண இயலாது. ஸஃபவீ காலத்துப் பெருங்கம்பளங்கள் பல லண்டன், வியன்னா, மிலான், நியூயார்க் நகரங்களில் இருக்கின்றன. அவற்றுள் முதலிடம் வகிப்பது அர்தபீல் கம்பளம். அது லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றது.

அர்தபீல் ஈரானின் வடமேற்கே உள்ள ஊர். கி.பி. 1334 இல் மறைந்த ஷைகு ஸஃபிய்யுத்தீன் (ரஹ்) அவர்களின் அடக்கத்தலம் அங்கே உள்ளது. அவர்கள் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றிய ஸூஃபிப் பெரியார் என்பது வரலாற்றாசிரியர் பெரும்பாலோரின் முடிபு. பிற்காலத்தில் அவர்களின் வழித்தோன்றல்கள் அரசமைத்து, ஸஃபவீ மன்னர்கள் எனப் பெயர் பெற்று, நாட்டையே ஷியாக் கொள்கைக்குத் திருப்பினர். அவ்வரசர்களுள் இரண்டாமவரான ஷா தஹ்மாஸ்பின் காலத்தில், ஹிஜ்ரி 946 இல், அதாவது கி.பி. 1539-40 இல், ஒரே மாதிரியான இரண்டு பெருங்கம்பளங்கள் நெய்யப்பட்டன. அவை இத்தலத்துக்கென நெய்யப்பட்டவை என்று பொதுவாகக் கூறுவர். ஒன்றின் நீளம் பத்தரை மீட்டர். அகலம் ஐந்தேகால் மீட்டருக்குச் சற்று மிகுதி. பாவும் ஊடையும் பட்டு, முடிச்சு கம்பளி. முடிச்சுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 2 கோடியே 60 லட்சம். கருநீலத் தரையின் நடுவே பதினாறு இதழ்களைக் கொண்ட பொன்னிறப் பெருவட்டம். அதனின்று இருபுறமும் தொங்கும் இரு விளக்குகள். உயிரினங்களின் உருவம் எதுவும் இல்லை. ஓர் ஓரத்தில் ஹாஃபிழ் ஷீராஸியின் கவிதை வரிகளும், அவற்றின் கீழே, அவ்வாசலின் ஊழியன் காஷான் நகரத்து மக்ஸூது என்ற பெயரும், ஹிஜ்ரி ஆண்டும் நெய்யப்பட்டுள்ளன. மக்ஸூது முடிச்சிட்டவர் அல்லர். வேலையை வகுத்து நடத்தியவராக இருத்தல் வேண்டும். ஒரே வேளையில் பத்துப் பேர் வரை அமர்ந்து நெய்திருக்கக் கூடும் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அந்தப் பத்துப் பேரும் வழக்கம்போல் பெயரற்றோரே.

முந்நூறு ஆண்டுகள் கழிந்தன. 1843 இல் அர்தபீலுக்குச் சென்ற ஆங்கிலேயர், ஒரு காலத்தில் மிகச் சிறப்புற்றிருந்த கம்பளத்தின் மங்கிய எச்சத்தை அங்கே கண்டதாகக் குறித்து வைத்தனர். அதன் பின்னர் நிலநடுக்கத்தால் அக்கட்டடம் சேதமுற்றது. செப்பனிடப் பணம் வேண்டும். மன்னர்களின் மானியம் என்றோ வற்றிவிட்டது. தல நிர்வாகிகள் கம்பளங்களை விற்றனர். மான்செஸ்டர் நகரைச் சேர்ந்த ஸீக்லர் என்ற வணிக நிறுவனம் வாங்கியது.

அடுத்து நடந்ததுதான் நெஞ்சை உறுத்துவது. இரண்டு கம்பளங்களும் தேய்ந்தும் கிழிந்தும் இருந்தன. வணிகர்களின் கையில் ஒரு கம்பளம் வெட்டப்பட்டு, அதன் துண்டுகளைக் கொண்டு மற்றொன்று ஒட்டுப் போட்டு முழுமையாக்கப்பட்டது. முழுமையானது லண்டன் சந்தைக்கு வந்தது. வில்லியம் மாரிஸ் என்ற புகழ்பெற்ற ஆங்கிலக் கலைஞர் நேரில் ஆய்ந்து, எவ்வாறேனும் வாங்க வேண்டும் என்று அருங்காட்சியகத்தாரை வற்புறுத்தினார். 1893 மார்ச்சில் 2,000 பவுனுக்கு அது வாங்கப்பட்டது. வெட்டுண்ட இணைக் கம்பளத்தைப் பற்றி வாய் திறப்பாரில்லை. அப்படியொன்று உண்டு என்பதையே லண்டன் அருங்காட்சியகம் 1914 இல்தான் அறிந்தது. ஓரக்கரைகளை இழந்து குறுகிய அந்தக் கம்பளம் அமெரிக்கச் செல்வந்தர்களின் கைகளில் மாறி மாறிச் சென்றது. 1938 இல் எண்ணெய்ச் செல்வர் பால் கெட்டி ஏறத்தாழ 70 ஆயிரம் டாலருக்கு அதனை வாங்கி, 1953 இல் லாஸ் ஏஞ்சல்ஸ் அருங்காட்சியகத்துக்கு அளித்தார். ஒரே கூடத்தில் விரிப்பதற்கென ஒன்றாகப் பிறந்தவை, இன்று இரு கண்டங்களில் கிடக்கின்றன.

கம்பளம் வெட்டப்படுவது முஸ்லிம்களின் வரலாற்றில் இது முதன்முறை அன்று. ஹிஜ்ரி 16 இல், கி.பி. 637 இல், ஸஃது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் தலைமையில் பாரசீகத் தலைநகராகிய மதாயின் வெற்றி கொள்ளப்பட்டது. கிஸ்ராவின் மாளிகையில் அறுபது முழ நீளமும் அறுபது முழ அகலமும் கொண்ட விரிப்பு ஒன்று கிடைத்தது. பொன்னிழையே தரையாக, மணிகளே பூக்களாகவும் கனிகளாகவும், நீரோடைகளும் பாதைகளும் கொண்ட வசந்தத் தோட்டமாக அது அமைந்திருந்தது. குளிர்காலத்தில் வெளியே பூக்கள் உதிர்ந்த பின்னர், அதன் மீதமர்ந்து அவர்கள் மது அருந்துவார்களாம். படையினரின் சம்மதத்தோடு ஸஃது (ரலி) அவர்கள் அதனைப் பிரிக்காமல் மதீனாவுக்கு அனுப்பி வைத்தார்கள். அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்கள் மக்களைக் கூட்டி ஆலோசனை கேட்டார்கள். கலீஃபாவே வைத்துக்கொள்ளட்டும் என்றனர் சிலர். தங்கள் விருப்பம் என்றனர் வேறு சிலர். அலீ (ரலி) அவர்கள் எழுந்து, இன்று இதனை இப்படியே விட்டுவைத்தால், நாளை உரிமையற்ற ஒருவன் இதனைத் தனதாக்கிக்கொள்வான் என்ற கருத்தை எடுத்துரைத்தார்கள். உமர் (ரலி) அவர்கள் அதனை ஏற்று, விரிப்பைத் துண்டுகளாக வெட்டிப் பங்கிட்டார்கள். அலீ (ரலி) அவர்களுக்குக் கிடைத்த துண்டு இருபதாயிரம் திர்ஹத்துக்கு விலைபோயிற்று. அதுவும் துண்டுகளில் சிறந்தது அன்று என்று இமாம் தபரீ (ரஹ்) எழுதுகின்றார்கள்.

கலை வரலாறு எழுதும் மேனாட்டார் இந்நிகழ்ச்சியைச் சொல்லும்போது பெருமூச்சு விடுவதைக் காண்கின்றோம். அத்தகைய வேலைப்பாடு இன்று காணக் கிடைக்காதது இழப்புத்தான்; அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவ்விரிப்பு போரில் கிடைத்த கனீமத். அதில் ஒவ்வொரு வீரருக்கும் பங்கு உண்டு. உரிமையாளர்கள் ஆயிரக்கணக்கானோர், அவர்களின் முன்னிலையில், பட்டப்பகலில், கலந்தாலோசித்து வெட்டப்பட்டது. விலையும் பங்கும் இன்றளவும் ஏட்டில் இருக்கின்றன. அர்தபீல் கம்பளம் அவ்வாறன்று. அது ஓர் இறைநேசரின் வாசலுக்கென ஒப்படைக்கப்பட்டது. விற்றவர்கள் அதன் உரிமையாளர்கள் அல்லர்; காவலர்கள்.

இதில் மார்க்கச் சட்டம் யாது? ஷாஃபிஈ மத்ஹபின் மின்ஹாஜ் கிதாபில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இதே விஷயத்தைப் பேசுகின்றார்கள். பள்ளிவாசலின் பாய் இற்றுப்போய், உத்திரம் முறிந்துபோய், எரிப்பதற்கன்றி வேறெதற்கும் உதவாத நிலையை அடைந்தால் அதனை விற்கலாம் என்பதே மிகச் சரியான கூற்று என்கின்றார்கள். விற்ற தொகை அப்பள்ளியின் நலனுக்கே உரியது. ஹனஃபீ மத்ஹபில், தேவையற்றுப்போன பாய் கொடுத்தவருக்கே திரும்பும் என்பது இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களின் கருத்து. வேறொரு பள்ளிவாசலுக்கு மாற்றப்படும் என்பது இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்) அவர்களின் கருத்து. எரிப்பதற்கன்றி உதவாதது என்ற அந்த நிபந்தனையை ஊன்றிக் கவனிக்க வேண்டும். பழையதாகிவிட்டது என்பது அந்நிபந்தனை அன்று. நிறம் மங்கிவிட்டது என்பதும் அன்று. புதியது வாங்க வசதியுள்ளவர் ஒருவர் முன்வந்துவிட்டார் என்பதும் அன்று.

அர்தபீல் நிர்வாகிகள் வேறு மத்ஹபினர். அவர்களின் இக்கட்டும் உண்மையானது. கூரை இடியும் நிலையில் தரை விரிப்பை விற்றவரைத் திருடர் என்று சொல்ல நமக்கு நாவு எழவில்லை. நம் நிர்வாகிகள் அந்நிலையில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? நாம் என்ன ஆலோசனை சொல்லியிருப்போம்? பலமுறை எண்ணிப் பார்த்தும் உறுதியான விடை கிட்டவில்லை. ஆனால் ஒன்று சொல்வோம். தம் கையில் இருப்பது இன்னது, அதன் மதிப்பு இன்னது என்று அறிந்தவர் எவரும் வாங்க வந்தவன் சொல்லும் விலைக்குத் தலையசைக்க மாட்டார். இரண்டாயிரம் பவுனுக்கு லண்டனில் கைமாறியது என்னவென்பது வாங்கியவர்களுக்கு நன்கு தெரிந்திருந்தது.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு துருக்கியில் உண்டு. கூனியா நகரின் அலாவுத்தீன் பள்ளிவாசலில், 1905 ஆம் ஆண்டளவில், பிற்காலத்து விரிப்புகளுக்கு அடியிலிருந்து 13 ஆம் நூற்றாண்டின் ஸல்ஜூக் காலத்துக் கம்பளங்கள் வெளிப்பட்டன. அங்கே ஒரு நல்வழக்கம். புதிய கம்பளத்தை வக்ஃபு செய்பவர் பழையதைச் சுருட்டி வெளியே எறிவதில்லை. அதன் மீதே விரித்துவிடுவார். ஒருவர் தர்மத்தை மற்றவர் தர்மம் மூடிக் காத்தது! அக்காலத்தில் பள்ளிவாசல்களிலிருந்து கம்பளங்களும் முஸ்ஹஃபுகளும் களவாடப்பட்டு ஐரோப்பியச் சந்தையில் விற்கப்படுவது பெருகிற்று. அதனைக் கண்ட உஸ்மானிய அரசு 1914 இல் இஸ்தன்பூலின் ஸுலைமானிய்யா பள்ளிவாசலை ஒட்டிய ஏழையர் உணவுக்கூடத்தில் இஸ்லாமிய வக்ஃபுகளின் அருங்காட்சியகம் ஒன்றை நிறுவியது. கூனியாவின் கம்பளங்கள் அங்கே வந்து சேர்ந்தன. பின்னர் 1979 இல் வக்ஃபுத் துறையினர் கம்பளங்களுக்கென்றே தனி அருங்காட்சியகமும் தொடங்கினர். வக்ஃபுப் பொருள் வக்ஃபின் கையைவிட்டுப் போகவில்லை.

லண்டனில் அர்தபீல் கம்பளம் பல்லாண்டுகள் சுவரில் தொங்கிற்று. 2006 முதல் தரையில் கிடத்தப்பட்டு, மேலே கண்ணாடிக் கூண்டு அமைக்கப்பட்டுள்ளது. நிறம் மங்காதிருக்க, ஒவ்வொரு மணியிலும் அரை மணியிலும் பத்து நிமிடங்கள் மட்டுமே விளக்கு ஏற்றப்படுகின்றது. மற்ற நேரங்களில் அரையிருள். நம் உடைமையை அவர்கள் இவ்வளவு பேணுகின்றார்களே என்று மகிழ்வதா, நாம் பேணவில்லையே என்று வருந்துவதா?

ஜமாஅத்தார்களே! இவ்வாண்டறிக்கையின் பிற்பகுதியில் வரவு செலவு முறையாக, தணிக்கை செய்யப்பெற்று அச்சாகியுள்ளது. நிர்வாகிகளுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. ஆனால் நம் பள்ளிவாசலுக்குச் சொந்தமான பொருட்களின் பட்டியல் என்று ஒன்று இவ்வறிக்கையில் இல்லை. முந்தைய அறிக்கைகளைப் புரட்டியும் காணவில்லை. பழைய மரமிம்பர், பித்தளை விளக்குகள், கொடுத்தவர் பெயர் பொறித்த செம்புத் தேக்சாக்கள், அரபுத் தமிழில் எழுதப்பட்ட கையெழுத்துக் கிதாபுகள் ஆகியவை மாடியறையில் கிடக்கின்றன. கோரைப் பாய்களை நீக்கிவிட்டு இயந்திரக் கம்பளம் விரித்தபோது, பழைய பாய்கள் என்ன ஆயின என்று கேட்டோம், எவருக்கும் நினைவில்லை. அனஸ் (ரலி) அவர்களின் இல்லத்தில், நெடுநாள் பயன்பாட்டால் கறுத்துப்போன பாயின் மீது தண்ணீர் தெளித்து, அதன் மீதுதான் நபி (ஸல்) அவர்கள் நின்று தொழுவித்தார்கள்.

வரும் பொதுக்குழுவில் பொருட்பட்டியல் ஒன்று தயாரிக்கத் தீர்மானம் கொண்டு வருமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கின்றோம். அரபுத் தமிழ் எழுத்துகளைப் படித்துச் சொல்லும் பொறுப்பை நாம் ஏற்கின்றோம். சென்ற ரமலானில் மாடியறைக்கு ஏறி, மிம்பரின் கீழ்ப்படியைத் துடைத்துப் பார்த்தோம். அதனைச் செய்து கொடுத்தவரின் பெயர் செதுக்கப்பட்டிருக்கின்றது. பாதி எழுத்துகளைச் செல் அரித்துவிட்டது. ஹிஜ்ரி ஆண்டின் முதல் இரண்டு இலக்கங்கள் மட்டும் இன்னும் தெரிகின்றன.